மூன்று மெயின் சுவிட்சும் ஆயுத பூஜைச் சந்தனமும்

காலையிலிருந்து சின்னமனூரில் மழை. அடுப்படிச் சுவரில் ஈரம் இறங்கி, மிக்சி மாட்டும் சுவிட்ச் போர்டு படபடவென்று பொரிந்து புகைந்தது.

மருமகள் மாடிப்படிக்குக் கீழே ஓடி ஒரு மெயினை அணைத்தாள். புகை நிற்கவில்லை. மாடியில் குடியிருப்பவர்தான், "ஏத்தா, எங்க வீட்டுக் கரண்ட ஏன் அமத்துன?" என்று கத்தினார்.

அங்கே மூன்று மெயின் சுவிட்ச் உண்டு. எங்களுக்கு, மாடிக்கு, மோட்டாருக்கு. போன வருடம் இந்த வயதில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதும், எது யாருக்கு என்று பெயிண்டில் நானே எழுதினேன். "கடை தொறக்கப் போறீகளா மாமா?" என்று மருமகள் சிரித்தாள். நேற்று ஆயுத பூஜைக்கு அந்த எழுத்தின் மேலேயே சந்தனத்தை அப்பிவிட்டாள்.

"எதுன்னு தெரியலையே மாமா!"

காய்ந்த சந்தனத்தைத் துண்டால் தேய்த்தேன். நடுப் பெட்டியில் 'நம்ம வீடு' என்று தெரிந்தது. அணைத்தேன். பொரிவது நின்றது.

வயர்மேன் வந்து பார்த்தார். "இன்னுங் கொஞ்சம் விட்டிருந்தா வயரெல்லாம் எரிஞ்சிருக்கும். யாரு எழுதுனது?"

"எங்க மாமாதான் எழுதுனாக" என்றாள் மருமகள். காது கேட்காதவன்போல் இன்னொரு தடவை சொல்ல வைத்தேன்.

நீங்களும் எழுதி வையுங்கள். சந்தனத்தை ஓரமாக வைத்ததற்காகக் கோபித்துக்கொண்ட சாமி எதுவும் உங்கள் ஊரில் இருந்தால், கீழே கமெண்ட்டில் சொல்லுங்கள்.