தாடையில் மூன்று கோடுகள்

போன வாரம் ஹைதராபாத் தார்நாகாவில் ஓர் அழகுசாதனக் கடையில், எனக்கு மகளாக இருக்கக்கூடிய வயதில் ஒரு பெண் என் தாடையில் மூன்று கோடுகள் இழுத்தாள். ஃபவுண்டேஷன். ஒன்று வெளிர், ஒன்று அடர், நடுவில் இரண்டுக்கும் இடைப்பட்டதாக ஒன்று. அதற்கு முன் “சாருக்கா, மேடத்துக்கா?” என்று ஹிந்தியில் கேட்டிருந்தாள். “எனக்குத்தான்மா” என்றேன். அவள் புருவம் அசையவில்லை. “அப்போ கையில வேணாம், முகத்துலயே பாத்துடலாம்” என்று என் முகவாயைத் திருப்பினாள்.

இந்தக் கேள்வியையும் பதிலையும் எத்தனை வருடம் மனசுக்குள் ஒத்திகை பார்த்திருப்பேன் தெரியுமா? கடைசியில் அது வந்தபோது, காத்துச் சலித்துப் பாதி தூரம் நடந்தே போன பிறகு பக்கத்தில் வந்து நிற்கிற பஸ் மாதிரி இருந்தது. என்னிடமிருந்த பழைய பாட்டிலின் ஷேட் நம்பரைச் சொல்லி, அது இருக்கிறதா என்று கேட்டேன். “அந்த ஷேட் இப்ப வர்றதில்ல சார். நிறுத்திட்டாங்க” என்றாள். அவள் விரலின் வாசனை மட்டும் மாறவில்லை. ரோஜாவும் மெழுகும் கலந்த, கொஞ்சம் வெயிலில் கெட்ட வாசனை. உங்களுக்கு அது அலங்கார வாசனையாகப் படும். எனக்கு அது ஸ்கூட்டர் வாசனை.

இருபது வருடம் முன்பு காஞ்சன்பாக்கில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை. முப்பது தாண்டியிருந்தது. கல்யாணப் பேச்சை எல்லாம் ஏதேதோ சொல்லித் தட்டிவிட்டு, மெட்டுகுடாவில் அக்காவின் ரயில்வே குவார்ட்டர்ஸில் அவளோடு இருந்தேன். பெற்றவர்கள் போய்விட்டார்கள், நாங்கள் இரண்டு பேர்தான். அவள் வீட்டில் இல்லாத நேரங்களில் அவள் சேலையைக் கட்டிப் பார்ப்பது வெகுநாள் பழக்கம். சேலை வசப்பட்டுவிட்டது, முகம்தான் வரவில்லை. கொசுவமும் முந்தானையும் கச்சிதமாக இருக்க, அதற்கு மேலே வரைபடப் பிரிவு ஆசாமி திருதிருவென்று விழித்துக்கொண்டு நிற்பான். அவனை விலக்கி, உள்ளே இருக்கிறவளைக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். என்னைப் பிசைந்த ஆசை அவ்வளவுதான்.

ஜெனரல் பஜாரில் ஒரு ஃபேன்சி கடைக்குப் போவேன். “அக்காவுக்கு” என்பேன். “கலர் எப்படி?” என்பார் சேட். “என்னை மாதிரியேதான்” என்று புறங்கையை நீட்டுவேன். ஒரு பொட்டு வைத்துப் பார்த்து எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து பூசினால், முகத்தில் டிஞ்சர் கொட்டின மாதிரி இருக்கும். காரணம் புரிய எனக்கு ஒரு கோடைக்காலமே பிடித்தது. ஹெல்மெட்டுக்குள் பத்திரமாகப் போய்வந்த முகம் வேறு. ஹாண்டில்பாரில் கிடந்து, காஞ்சன்பாக் வரை வெயிலில் வெந்த கை வேறு. ஒரே உடம்பில் இரண்டு ஊர்க்காரர்கள். அடுத்த தடவை மகா புத்திசாலித்தனமாக நல்ல வெளுப்பாக வாங்கினேன். சவரம் செய்த நீலம் அடியிலிருந்து எட்டிப் பார்த்து முகம் அடுப்புச் சாம்பலானது.

தோற்ற பாட்டில்களை வீட்டில் வைக்க பயம். ஸ்கூட்டரின் பக்கப் பெட்டியில் போட்டுவைப்பேன். மே மாதத்து ஹைதராபாத் அவற்றை உருக்கி, ஸ்பேனருக்கும் ரெயின்கோட்டுக்கும் பூசிவிட்டது. பஞ்சர் ஒட்டுகிற பாய் ஒருநாள் பெட்டியைத் திறந்து மோந்துவிட்டு, “க்யா சாப், காடி பியூட்டி பார்லர் ஜாரி க்யா?” என்றார். வண்டி பார்லருக்குப் போகிறதாம். நானும் சிரித்துவைத்தேன். வேறென்ன செய்வது?

அக்காவிடமும் ஒரு பாட்டில் இருந்தது. அலங்காரத்துக்கு இல்லை. இடது கன்னத்தில் வெண்புள்ளி. கல்லூரி முடிக்கிற சமயத்தில் மிளகளவு வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் அந்த மிளகைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. பிறகு அவர்கள் வருவதும் நின்றது. தினமும் காலையில் அதைப் பூசி மூடிக்கொண்டு ரயில்வே ஆபீசுக்குக் கிளம்புவாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நிறம். பால் குறைத்துப் போட்ட இரானி டீயின் நிறம்.

புள்ளி பரவியது. நெற்றி, கழுத்து, கை என்று அது போகிற போக்கில் போக, தன் நிறம் எது என்று பார்க்க அவள் உடம்பிலேயே நம்பகமான இடம் இல்லாமல் போயிற்று. அப்போதுதான் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன.

“வாடா இங்க. தாடையைக் காட்டு.”

பின்வாசலில், துவைகல் பக்கத்தில், வெளிச்சத்தில் நிற்கவைப்பாள். கடையிலிருந்து வாங்கிவந்த மாதிரிகளை என் தாடையில் கோடு கோடாக இழுப்பாள். ட்யூப்லைட்டை அவள் நம்புவதில்லை. எந்தக் கோடு என் தோலுக்குள் காணாமல் போகிறதோ அதுதான் அவளுடைய பாட்டில். நான் தாடையை விலக்கி விலக்கி நெளிவேன்.

“கைக்கு, ஏன்டா ஆடுறே? உனக்கென்ன ஊசியா போடறேன்?”

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கோடுகளைத் துடைக்கவில்லை. காணாமல் போன கோட்டின் மேலேயே இன்னும் கொஞ்சம் தொட்டு, கன்னத்துக்கு இழுத்தாள். மூக்குக்கு இழுத்தாள்.

“ஸ்கூட்டர் பெட்டியில எத்தனை பாட்டில்டா உருக்கினே?” என்றாள், விரலை நிறுத்தாமல். “ரெயின்கோட் எடுக்கப்போனேன். என்கிட்ட கேக்கறதுக்கு என்ன?”

பதில் சொல்லத் தாடையை அசைத்தேன், அவள் விரல் வழுக்கியது.

“பேசாதே. அதெல்லாம் உனக்குத்தானா? ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லு.”

“ஹவ்” என்றேன். அந்த நேரத்தில் ‘ஆமா’ என்று தமிழில் வரவில்லை.

அவள் சிரித்தாள். பிறகு நீலத்தாடையோடு மல்லுக்கட்டினோம். சிவப்பு லிப்ஸ்டிக்கை அடியில் தேய்த்துப் பார்த்ததில் கன்னத்தில் அறை வாங்கினவன் போலானேன். “யாருடா அடிச்சது உன்னை?” என்று அவள் துவைகல்லில் உட்கார்ந்தே விட்டாள். ஆரஞ்சு கலந்து தேய்த்தபோதுதான் நீலம் அடங்கியது. சேலையும் கட்டி, பொட்டும் வைத்துக் கண்ணாடி முன் நின்றேன். ஆசாமி இல்லை. போய்விட்டான்.

ஆனால் கண்ணாடியில் இருந்தது நான் தேடிய முகமா என்று எனக்குத் தெரியவில்லை. அது அக்கா. மிளகளவு புள்ளிகூட வராத, பழைய அக்கா. என் தோளுக்குப் பின்னால் அவளும் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது.

“நான் இப்படியாடா இருந்தேன்?” என்றாள். என்னைக் கேட்டாளா, கண்ணாடியைக் கேட்டாளா?

சில வருடங்களில் அவள் முழுக்க வெளுத்துவிட்டாள். மூட வேண்டிய இடமே மிச்சமில்லை. தெருவில் பிள்ளைகள் “இங்லீஷ் தொரசானி” என்று பின்னால் கத்தின. “பரவால்லடா, வெள்ளைக்காரங்களைப் பாக்க சீமைக்கு டிக்கெட் வாங்க வேணாம், என்னைப் பாத்தாப் போதும்” என்று அவளும் பதிலுக்குச் சொல்லிக்கொண்டு வருவாள். வீட்டுக்குள் வந்ததும் வெகுநேரம் முகம் கழுவுவாள். தன் பாட்டிலை என் அலமாரியில் வைத்துவிட்டு, “எனக்கு நக்கோ, வேணாம். என் கலர் இப்ப உன்கிட்டதான் இருக்கு” என்றாள்.

அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாள். பூசிவிடுவாள், பொட்டு வைப்பாள், எதிரே நாற்காலியைப் போட்டு உட்காருவாள். “கொஞ்ச நேரம் இரு. பாத்துக்கறேன்” என்பாள். இருந்தேன். உலகத்தில் என் அந்த முகத்தைப் பார்த்த ஒரே ஆள் அவள்தான். அவள் பார்த்தது என்னையா, தன்னையா? கேட்டதில்லை. இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் தாங்கியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன்.

அவள் போனபோது உறவுக்காரப் பெண்கள் அந்த வெள்ளை முகத்தில் மஞ்சள் பூசினார்கள். யாரோ ஒருத்தி, “எவ்ளோ செவப்பு பாரு” என்றாள். குவார்ட்டர்ஸைக் காலி செய்தேன். ஸ்கூட்டரைக் கொடுத்தேன். பாட்டிலின் அடியில் மிச்சமிருந்தது காய்ந்து மண்ணாங்கட்டியாகிவிட்டது.

கடைப் பெண்ணிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு வாசலுக்கு வந்தேன். ட்யூப்லைட்டை நானும் நம்புவதில்லை. மெட்ரோ பாலத்தின் நிழல் தாண்டி, வெயில் விழுகிற இடமாகப் பார்த்து நின்று, போனில் முகத்தைப் பிடித்தேன். மேல்கோடு தெரிந்தது. கீழ்க்கோடு தெரிந்தது. நடுக்கோட்டைக் காணோம்.

சரியான நிறம்தான், எனக்கு. இப்போதைய எனக்கு. ஆறி ஏடு படிந்த டீயின் நிறம். இருபது வருடம் தேடிய ஒன்று, யாருடைய சாயலும் இல்லாமல், என் ஒருவனுடையதாக வந்து நிற்கிறது. அக்காவின் நிறம் அந்த முகத்தில் எங்கும் இல்லை. கடையிலும் இனி வராது.

“க்யா சார், செட் ஹோகயா?” என்று உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல், பொருந்திவிட்டதா என்று.

நடுக்கோடு இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஈரம் மட்டும் இருந்தது.