ஒட்டலாமா, மாற்றலாமா?

பாட்சா பாய்க்கு நீச்சல் தெரியாது. பதினோரு வருஷமாக எங்கள் நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கேட்டால், "நான் இறங்கினா தண்ணி கலங்கும் டீச்சர், எனக்கு இன்னாத்துக்கு அந்த வேலை" என்பார். செம்பாக்கத்தில் எண்பத்தாறு வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. அவ்வளவு பெரிய ஏரி பக்கத்தில் இருந்தும் எங்களுக்கு ஒரு குளம் வேறு தேவைப்பட்டது. கட்டியவர்கள் அதை விளம்பரத்தில் போட்டு வீடுகளை விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். அதோடு குடித்தனம் நடத்துவது பாட்சா பாய்தான்.

இந்த வேலைக்கு முன் மேடவாக்கம் பக்கம் தண்ணீர் லாரிகளுக்கு மெக்கானிக்காக இருந்தார். பள்ளிக்கரணையில் வாடகை வீடு, மனைவி ஜஹீரா, கல்லூரியில் முதல் வருஷம் படிக்கும் மகள் தபஸ்ஸும். காலை ஆறு மணிக்கு மொபெட்டை நிறுத்திவிட்டு நேராகக் குளத்துக்குத்தான் வருவார். தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்த்தே மருந்து கூடவா குறைவா என்று சொல்லிவிடுவார். சும்மா பீற்றிக்கொள்கிறார் என்று நினைத்து, கடையில் விற்கும் சோதனைக் குச்சியை ஒருமுறை நானே வாங்கி வந்து முக்கிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரியாக இருந்தது.

நான் தபீதாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் டீச்சர். முழங்கால் வலிக்காகத் தினமும் குளத்தில் இறங்குகிறவள். வேறு யாரும் அகப்படாததால் குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான்.

இந்தக் கதைக்கெல்லாம் காரணம் ஃபில்டர் டேங்க். ஆள் உயர ஃபைபர் டேங்க், உள்ளே மணல். பம்ப் தண்ணீரை அழுத்தித் தள்ள, அது மணலுக்குள் புகுந்து சுத்தமாகி மறுபடி குளத்துக்குப் போகும். குளம் கட்டிய நாளில் வைத்தது. மார்ச் மாதம் அதன் கழுத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. பாட்சா பாய் ரெசின் பசை தடவி, ஃபைபர் துணி சுற்றி ஒட்டினார். ஏப்ரலில் அதே இடத்தில் மறுபடியும் விட்டது. குளம் கஞ்சித் தண்ணீர்போல் ஆகிவிட்டது. திங்கட்கிழமை முதல் குழந்தைகளுக்குக் கோடை நீச்சல் வகுப்பு.

வியாழக்கிழமை மாலை கமிட்டி கூடியது. ஒட்டுவதா, புதிதாக மாற்றுவதா என்று ஒரு மணி நேரம் தொண்டை கிழியப் பேசினோம். தலைவர் கஸ்தூரிரங்கன் சார் ரிட்டயர் ஆன அதிகாரி. எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது.

"மாத்தறதுன்னா குளம் பராமரிக்கிற ஒரு புது கம்பெனிதான் வரும். அவங்க டேங்க்கோட ஆளையும் சேர்த்தே அனுப்புவாங்க. அப்புறம் நம்ம பாட்சாவுக்கு இங்க என்ன வேலை? எதுக்கும் அவரையே கேட்டுடுவோமே" என்றார்.

வாசலில் நின்றிருந்த பாட்சா பாயை உள்ளே கூப்பிட்டோம். சார் சொன்னது அத்தனையும் அவர் காதில் விழுந்திருந்தது.

"நீங்களே சொல்லுங்க பாய். ஒட்டலாமா, மாத்தலாமா?"

அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஒட்டலாம் சார். தாங்கும்" என்றார்.

வேலை தெரிந்தவரின் வாயாலேயே கேட்டு முடிவெடுத்தோம் என்று எல்லோருக்கும் திருப்தி. அன்றைக்கு எனக்கும்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை நான் பள்ளியில் ஆண்டுத் தேர்வு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். குறில் நெடில் பிழைக்கெல்லாம் அரை மதிப்பெண் கறாராகக் குறைப்பவள் நான். ஒரு கட்டு முடித்ததும் டேங்க் ஞாபகம் வந்தது. போனை எடுத்து, வாட்ஸப்பில், ஊரே செய்வதுபோல் தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்தேன்: பாட்சா பாய், இன்றைக்கு ஃபில்டரை ஒட்டிவிடுங்கள்.

அவர் வெள்ளிக்கிழமை காலையிலேயே ஒட்டிவிட்டார் என்பது எனக்குத் தெரியாது. ரெசின் முழுசாகக் காய இரண்டு நாள் ஆகும். அதற்குள் பம்ப் போடவே கூடாது.

பத்து நிமிஷத்தில் அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "சரி டீச்சர், இப்பவே ஓட்டிடறேன்."

முதலில் எனக்கு உறைக்கவில்லை. அடுத்த விடைத்தாளை எடுத்துவிட்டேன். பிறகு ஏதோ இடித்தது. மறுபடி போட்டுக் கேட்டேன். ஓட்டிடறேன். நெடில். என் செய்தியைத் திறந்து பார்த்தேன். அந்த இங்கிலீஷ் எழுத்தில் ஒட்டுவதும் ஓட்டுவதும் ஒன்றுதான். நேற்றே ஒட்டி முடித்த மனிதர் அதை வேறு எப்படிப் படிப்பார்?

போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. ஃபில்டர் ரூம் பாதி தரைக்குக் கீழே இருக்கிறது, உள்ளே போனால் சிக்னல் கிடையாது. கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்கு அடித்தேன், எடுக்கவில்லை. பேப்பர்களை அப்படியே மேஜையில் போட்டுவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மேம்பாலம் தாண்டிக் கிழக்குத் தாம்பரம் வருவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. முன்னால் ஒரு மாநகரப் பேருந்து நகருவேனா என்று நின்றது. ஆரன் அடித்தே கட்டைவிரல் வலித்தது. காயாத ஒட்டின்மேல் பம்ப் அழுத்தம் ஏறினால் என்ன ஆகும் என்று அந்த மனிதரே எனக்கு ஒருமுறை சொல்லியிருந்தார். "லாரி டயர் வெடிக்கிற மாதிரி டீச்சர், எதிர்ல நின்னா அவ்ளோதான்."

குடியிருப்புக்குள் நுழைந்து குளத்துப் பக்கம் ஓடினேன். படி இறங்கினால், ஃபில்டர் ரூம் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பம்ப் ஓடும் சத்தம் கேட்டது. கதவைப் படபடவென்று தட்டினேன்.

"பாய்! ஆஃப் பண்ணுங்க! பாட்சா பாய்!"

உள்ளே படார் என்று ஒரு சத்தம். கதவே அதிர்ந்தது. அடியிலிருந்து தண்ணீரும் மணலும் என் செருப்புக்கு மேல் பாய்ந்து வந்தன. நான் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். கர்த்தரே என்று கத்தினேனா, மனதுக்குள் சொன்னேனா, தெரியாது.

பம்ப் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே கேட்கவில்லை. பிறகு தாழ்ப்பாள் நகர்ந்தது. முழுக்க நனைந்து, புருவத்தில் ரத்தம் வழிய, சுவரைப் பிடித்தபடி பாட்சா பாய் நின்றார்.

"ஆஃப் பண்ட்டேன் டீச்சர்" என்றார்.

படியிலேயே உட்கார வைத்து என் துப்பட்டாவால் புருவத்தை அழுத்திப் பிடித்தேன். அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

"கதவ ஏன் உள்ள பூட்டினீங்க?"

"சைடுல பசங்க ஷட்டில் ஆடிகினு இருந்தாங்க. தொரத்தி வுட்டேன். திரும்பி வந்துருவாங்கன்னு தாப்பா போட்டேன்."

"அப்போ வெடிக்கும்னு தெரிஞ்சுதான் போட்டீங்களா? ஈரமா இருக்குன்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "கேட்டா, ஒட்டு தாங்காதுன்னு நானே ஒத்துக்கின மாதிரி ஆயிடும்ல டீச்சர்."

என் செய்தியை விளக்கினேன். ஒட்டத்தான் சொன்னேன், ஓட்டச் சொல்லவில்லை என்றேன். அவர் வெகுநேரம் போனையே பார்த்தார். திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை சர்ச்சிலிருந்து நேராகக் கூட்டத்துக்குப் போனேன். புருவத்தில் நாலு தையலோடு பாட்சா பாய் வாசலில் நின்றார். கஸ்தூரிரங்கன் சார் கொதித்துக்கொண்டிருந்தார்.

"ஒட்டச் சொன்னா ஓட்டியிருக்கார். கமிட்டி முடிவை மீறி! இப்படிப்பட்டவரை எப்படி வேலைல வெச்சுக்கறது?"

பாட்சா பாயின் பையில் போன் இருந்தது, அதில் என் செய்தியும் இருந்தது. எடுத்துக் காட்டியிருந்தால் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவர் எடுக்கவில்லை. அப்படியே விட்டுவிட்டால் என் பெயர் வெளியே வராது என்று ஒரு கணம் எனக்குத் தோன்றியது. தோன்றியது உண்மை.

எழுந்து நின்று என் போனை மேஜைமேல் வைத்தேன். "மெசேஜ் அனுப்பினது நான். நீங்களே படிச்சுப் பாருங்க சார். தப்பு என்னோடது."

சார் மூன்று முறை படித்தார். கோபம் இறங்க இடமில்லாமல் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "சரி பாய், இப்ப சொல்லுங்க. புது டேங்க்கா, இல்ல இதையே திரும்ப ஒட்டி ஓட்டிப் பாக்கலாமா?" என்றார்.

இவ்வளவுக்கும் பிறகு மறுபடியும் அதே கேள்வியை அதே மனிதரிடம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாட்சா பாய் உள்ளே வந்தார். ஃபில்டர் ரூம் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"மாத்திடுங்க சார்."

"அன்னிக்கு ஒட்டலாம்னீங்களே?"

"அன்னிக்கு என் பொழப்ப நெனச்சி சொன்னேன் சார். நாளைக்கு கொழந்தைங்க எறங்கப் போவுது. எனக்குத் தெரிஞ்சே அந்த டேங்க்க வெச்சிகினு என்னால அங்க நிக்க முடியாது."

அவர் திரும்பி வாசலுக்குப் போய்விட்டார்.

"ஏன்யா, மாத்தறது டேங்க்கைத்தானே! ஆளை மாத்தறோம்னு யார் சொன்னா?" என்றார் கஸ்தூரிரங்கன் சார்.

"நீங்கதான் சொன்னீங்க, வியாழக்கிழமை. நாங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தோம்" என்றேன்.

சாரின் முகம் சிவந்தது. சாவியை வாசல் பக்கமாகத் தள்ளி, "எடுத்துக்கோங்க பாய்" என்றார். பாட்சா பாய் நகரவில்லை. தீர்மானப் புத்தகத்தைத் திறந்தேன். டேங்க் மட்டுமே மாற்றப்படும், பாட்சா வேலையில் தொடர்வார், நீச்சல் வகுப்பு ஒரு வாரம் தள்ளி என்று தமிழிலேயே எழுதி, உரக்கப் படித்தேன். கமிட்டியில் இருந்த ஏழு பேரும் கையெழுத்துப் போட்டோம். அதன் பிறகுதான் அவர் உள்ளே வந்து சாவியைத் தொட்டார்.