ஏரி மூலையில் சிந்திய நெல்

குடிபாலாவுக்குப் பக்கத்தில், ஏரியை ஒட்டிய சிற்றூரில், சந்திரம்மாவை ‘வாத்துக்காரி’ என்று கேலி செய்வார்கள். அவள் வாத்து வளர்த்தவள் அல்ல. புல்லறுக்கப் போனால் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு, பனிக்காலத்தில் வந்திறங்கும் காட்டு வாத்துகள் இரை தேடுவதைப் பார்த்தபடி கரையில் உட்கார்ந்துவிடுவாள். ஊசிவால் வாத்து தலையை நீருக்குள் அமுக்கி, வாலைச் செங்குத்தாக நிமிர்த்திச் சேற்றைத் துழாவும். சின்னக் கிளுவை வாத்துகள் நீர்மட்டத்தை அலகால் சலித்துக்கொண்டே நீந்தும். வெயில் ஏறினால் எல்லாம் நடு ஏரிக்குப் போய்த் தூங்கும்.

கணவன் இறந்த பிறகு அவளுடைய துண்டு நிலத்தையும் சேர்த்து உழுதவன் கொழுந்தன் கோவர்த்தனன். அவன்கூட, “அதுங்க துன்றதப் பாத்தா உன் வயிறு ரொம்பிடுமா அண்ணி?” என்று சிரிப்பான்.

அந்த மார்கழியில் அவன் சிரிக்கவில்லை. விதைத்த நாற்றங்காலை வாத்துகள் பொழுது சாய்ந்ததும் வந்து மேய்ந்துவிட்டுப் போயின. ஊரிலும் சிரிப்பில்லை. ஆந்திராவுக்கும் சென்னை ராஜ்யத்துக்கும் எல்லை பேசிக்கொண்டிருந்தார்கள். ஊர் எந்தப் பக்கம் போகும் என்று தெரியாமல், கூடப்பிறந்தவர்களே முகம் பார்க்காமல் நடந்தார்கள். எல்லையை விசாரிக்க ஒரு நாள் அதிகாரிகள் வருவதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் அவர்களுக்குச் சாப்பாடு. பொறுப்பு ஊர்ப் பெரியவர் கங்கையாவுக்கு.

அன்று காலையில் சந்திரம்மா ஏரிக்கரைமேல் ஏறியபோது வெயில் நன்றாக ஏறியிருந்தது. நடு ஏரி காலியாகக் கிடந்தது. கோவர்த்தனன் நாற்றங்காலை ஒட்டிய மூலையில், காய்ந்த தரையில் கிளுவைகள் நெருக்கியடித்துக் கொத்திக்கொண்டிருந்தன. பகலில் அவை தரையேறி மேய்ந்து அவள் பார்த்ததே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்றின் கழுத்து துவண்டது. இன்னொன்று இறக்கையை ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு சுழன்று விழுந்தது. ஓடிப்போய்க் குனிந்தாள். சிந்திக் கிடந்த நெல்லில் மருந்து நெடி அடித்தது.

கோவர்த்தனன் வரப்பில் குந்தியிருந்தான்.

“இன்னாடா கலந்த?”

“எலி மருந்து.” அவன் தலை நிமிரவில்லை. “அது போவட்டும் அண்ணி. விடியக்காலமே கங்கையா ஆளுங்க வந்து, விழுந்து கெடந்ததெல்லாம் பொறுக்கிக்கினு போயிட்டாங்கோ. சமைக்கிறதுக்கு.”

“பாத்துக்கினு சும்மாவா இருந்த?”

“சொன்னா இன்னா ஆவும்? ஆபீசருங்களுக்கு வெஷம் வெச்சான்னு ஜெயில்ல போடுவாங்கோ. எந்தப் பக்கத்து ஆளுன்னு கேட்டு ஊரே வெட்டிக்கினு சாவும். ரெண்டு பொட்டப் புள்ளைங்க இருக்குது எனக்கு.”

சந்திரம்மா பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினாள்.

பள்ளிக்கூட வாசலில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மசாலா வாசம் தெருவரைக்கும் வந்தது.

“அத்தக் கீழ கொட்டுங்க பெரியவரே! செத்த வாத்து அது. மருந்து துன்னு செத்தது!”

கங்கையா திரும்பினார். “ஏமம்மா, இன்னா சொல்ற? யார் வெச்ச மருந்து?”

“மொதல்ல அத்தக் கொட்டுங்க!” என்றாள் அவள். பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “ஊரு சென்னைப் பக்கம் போவணும்னு இவ வூட்டாளுங்களுக்கு ஆசை. விருந்தக் கெடுக்க யாரோ அனுப்பிக்கிறாங்கோ!” நாலைந்து பேர் அவளைச் சூழ்ந்தார்கள். சாலையில் ஜீப் சத்தம் கேட்டது.

“பேர் சொல்லு. இல்லன்னா வழிய விடு,” என்றார் கங்கையா.

பேர் சொன்னால் கோவர்த்தனனுக்கு ஜெயில்தான். அவள் அண்டாவில் கிடந்த கரண்டியை எடுத்தாள். ஒரு கறித்துண்டை அள்ளி, “நானே மொதல்ல துன்றேன். எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அவுங்களுக்குப் போடுங்க,” என்றாள். யாரும் தடுக்கவில்லை. கரண்டியை உதட்டருகே கொண்டுபோனாள்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த கை ஒன்று அதைத் தட்டிவிட்டது. கொதிக்கும் குழம்பு அவள் முன்கையில் வழிந்தது.

“நான்தான் வெச்சேன்!” கோவர்த்தனனுக்கு மூச்சு வாங்கியது. “வாத்துக்கு வெச்சது, மனுசங்களுக்கு இல்ல. என்ன இன்னா வேணா பண்ணுங்க.”

கங்கையா அவனையே பார்த்தார். பிறகு தானே கையில் துணியைச் சுற்றி அண்டாவைக் கவிழ்த்தார். அதிகாரிகள் சோறும் ரசமும் சாப்பிட்டார்கள். விசாரித்தவர்களிடம், கறி தீய்ந்துவிட்டது என்றார் கங்கையா. ஊரில் ஒருவரும் அதை மறுத்துப் பேசவில்லை. மாலைக்குள் நாய் வாய் வைக்காதபடி குழி வெட்டி எல்லாவற்றையும் புதைத்தார்கள். மூலையில் கிடந்த நெல்லைக் கோவர்த்தனன் மண்ணோடு சுரண்டி எடுத்தான்.

மறுநாள் சந்திரம்மாவின் கை கொப்பளித்து வீங்கியது. அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனான் கோவர்த்தனன். பாதி வழியில் கேட்டான்:

“நெசமாவே துன்னிருப்பியா அண்ணி?”

“தெரியலடா,” என்றாள். “நீ வருவேன்னு மட்டும் நான் நெனைக்கல.”

அவன் மாட்டை விரட்டாமல், கயிற்றைத் தளர்த்திப் பிடித்து மெதுவாக ஓட்டினான்.