கிணற்றுக்கு வாங்கிய பூட்ஸ்

மோகனூர்ப் பக்கம் எந்தக் கிணற்றில் மோட்டார் குழாயின் அடிவாய் ஃபுட்வால்வு அடைத்தாலும் தீர்த்தகிரிக்குத்தான் ஆள் வரும். மூச்சடக்கி அடிவரை முங்கி, குழாய் வாயில் அப்பிய சேற்றை வழித்துவிட்டு வருவான். ஆனால் எழுபத்தொன்பதாம் வருஷம் அவன் நெஞ்சு மக்கர் செய்தது. உடம்பில் கிணற்றுத் தண்ணீர் பட்டால் போதும், வாரக்கணக்கில் இருமல். இனி முங்கினால் உயிருக்கு ஆகாது என்றார் டாக்டர். முங்குவதைத் தவிர அவனுக்கு வேறென்ன தெரியும்? கரும்பு வெட்டப் போனால் முதல் வெட்டே தன் காலில்தான் விழும் என்பது அவனுக்கே தெரியும்.

அப்போதுதான் லாரி ஓட்டும் மச்சினன் சென்றாயன் பம்பாய்ப் பழைய சாமான் கடையிலிருந்து ஒரு ரப்பர் உடுப்பு கொண்டுவந்தான். கழுத்திலிருந்து பாதம்வரை ஒரே உறை. சொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது.

"ஒண்ணுதானுங்க மாமா. கனமான பூட்ஸ் போட்டுக்கோணுமாம். இல்லீன்னா உள்ள இருக்கற காத்தெல்லாம் காலுக்குப் போயி ஆளைக் கவுத்துப்போடுமாம்."

செருப்பே அதிகம் போடாத மனுசன் பூட்ஸ் தேடிக் கிளம்பினான். கேன்வாஸ் ஷூ தண்ணீரில் மிதந்தது. கம்பூட்ஸ் ரப்பர் பாதத்தில் நிற்காமல் வழுக்கிக் கழன்றது. டயர் செருப்பு நல்ல கனம்தான். ஆனால் அதன் ஆணி உடுப்பைக் குத்திவிடும். கடைசியில் நாமக்கல் சந்தையில், போலீஸ்காரர் யாரோ கழித்த தோல் பூட்ஸ். அடியில் லாடம், கணுக்காலுக்கு மேலே இறுக்கிக் கட்டக் கயிறு. மாட்டுத் தொட்டியில் போட்டுப் பார்த்தான், கல்லாக இறங்கியது. தன் மூளையை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை.

வெள்ளியங்கிரியின் தோட்டத்தில் வாழை வாடிக்கொண்டிருந்தது. கிணற்றுமேட்டில் ஊரே கூட, தீர்த்தகிரி லாடம் டக்கு டக்கென்று ஒலிக்க மிடுக்காக வந்தான். மேட்டில் கல்லாக நட்டிருந்த கன்னிமார் சாமியைக் கும்பிட்டான். இடுப்பில் கயிறும் கல்லும் கட்டிக்கொண்டு குதித்தான்.

தலை கீழே போனது. கால் இரண்டும் மேலே வந்து, ஊரைப் பார்த்து ஆடின.

"ஐயோ சாமி!" பெண்டாட்டி பழனியம்மாள் அலறிக்கொண்டு கயிற்றை இழுத்தாள். இருமிக்கொண்டே மேலே வந்தவன் பார்த்தான்: பூட்ஸ் இரண்டும் கன்னிமார் கல்லுக்கு எதிரே ஜோடியாக இருந்தன. கிணற்றுமேட்டில் யாரும் செருப்போடு நிற்பதில்லை. கும்பிடும்போது பழக்க தோஷத்தில் கழற்றி வைத்திருக்கிறான், மகா புத்திசாலி.

"கன்னிமாரு எடத்துல பூட்ஸோட எப்படியப்பா?" பூட்ஸை எடுக்கப் போனவனிடம் வெள்ளியங்கிரி இழுத்தார்.

"இவரு நெஞ்சு கெட்டது கன்னிமாருக்குத் தெரியாதுங்களா?" பழனியம்மாள் மண்டியிட்டு, பூட்ஸை அவன் காலில் மாட்டித் தானே அதன் கயிற்றை இறுக்கிக் கட்டினாள். "எறங்குங்க. பாவமுன்னா அது என்ற தலையோட போவட்டும்."

இந்தத் தடவை கால் கீழேதான் போனது. மூச்சு முட்ட மூன்று நான்கு முறை முங்கினான். மோட்டார் போட்டதும் வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது. மேலே வந்தவனின் உடுப்புக் கழுத்து வழியே பழனியம்மாள் கையை விட்டு நெஞ்சைத் தடவினாள்.

"காஞ்சு கெடக்குதுங்க" என்றாள். ஊர் பார்க்க ஓவென்று அழுதாள்.

தீர்த்தகிரி நெஞ்சை நிமிர்த்தி, "அடுத்த கெணறு எங்கீங்க?" என்றான்.

"அது கெடக்கட்டும்" என்றார் வெள்ளியங்கிரி. "மொதல்ல பூட்ஸைக் கழட்டப்பா. கன்னிமாரு முன்னால நிக்கறே."