தண்ணீர் போன வழி

நாட்டுக்கு மெர்டேக்கா என்ற சுதந்திரம் கிடைத்த மறு ஆண்டு, எனக்கு முன் இரண்டு பேர் ஓட்டித் தேய்த்திருந்த ஒரு காரை வாங்கினேன். அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வேலை. காஜா பேராங்கில் வாடகை வீடு. மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். முதல் குழந்தை எங்களுக்குத் தங்கவில்லை. வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி கிடைக்காமல் தெருவில் நின்றதை என்னால் மறக்க முடியவில்லை. இந்த முறை வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும் என்றுதான் வாங்கினேன்.

மூன்றாம் வாரம் புக்கிட் ரம்பாயில் அவளுடைய அக்காவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது கார் கொதித்து ஆவி கக்கியது. ஓரங்கட்டி, ஆறும்வரை காத்திருந்து, துணியைச் சுற்றி மூடியைத் திறந்தேன். ரேடியேட்டரில் பாதித் தண்ணீர்கூட இல்லை. காலையில் நான் அலுவலகத்துக்குக் கிளம்புவதற்குள் தண்ணீர் ஊற்றி வைப்பது அவள்தான்.

“காலையில ஊத்தினியா இல்லியா?”

“ஊத்தினேங்க. கழுத்து வரைக்கும் நின்னுச்சு.”

“நின்ன தண்ணி எங்க போச்சு? மறந்துட்டேன்னு சொல்றதுக்கு என்ன?”

அவள் வயிற்றைத் தாங்கியபடி வெயிலில் நின்றாள். வழியோர வீடொன்றில் தண்ணீர் வாங்கி ஊற்றி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் காலையில் தண்ணீரை ஊற்றிவிட்டு வாசலிலிருந்து கூப்பிட்டாள். “வந்து பாத்துக்குங்க.” சோப்பு நுரை காயாத முகத்தோடு போய் எட்டிப் பார்த்தேன். தளும்பி நின்றது. அதற்கு மறுநாளும் கூப்பிட்டாள். தினமும் கூப்பிட்டாள்.

வியாழக்கிழமை மதியம் அலுவலக வாசலில் மூடியைத் திறந்தேன். நான்கு விரல் குறைந்திருந்தது. வெள்ளிக்கிழமை ஒரு சொட்டும் குறையவில்லை. சனிக்கிழமை மறுபடி குறைந்தது. வண்டிக்கடியில் பழைய பத்திரிகையை விரித்துப் பார்த்தேன், காய்ந்தே கிடந்தது. அவள்மேல் தப்பில்லை என்று வியாழக்கிழமையே தெரிந்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பால் டின் ஒன்றில் குழாய்த் தண்ணீர் பிடித்து ஊற்றிவிட்டு, ஒன்றும் நடக்காதவன்போல வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக்கு நடுவிலேயே எழுந்துபோய் வண்டிக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு வருவேன்.

கம்போங் செட்டியில் கார் பழுதுபார்க்கும் போமன் ஒருவர் இருந்தார். பெயரும் கும்பிடும் சாமியும் நம்முடையவை. பல தலைமுறையாக இங்கேயே வாழ்வதால் பேச்சு மட்டும் மலாய். அரை மணிநேரம் இன்ஜினை ஓடவிட்டு ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாய் அமுக்கிப் பார்த்தார். “பொச்சோர் தாடா,” என்று கையை விரித்தார். ஒழுகல் இல்லையாம். ஒழுகினால் தரையில் விழுந்திருக்க வேண்டுமே என்றும் கேட்டார்.

அன்று சாயங்காலம் காரிலிருந்து சாமான்களை இறக்கப் போன மனைவி பால் டின்னோடு வந்தாள்.

“இது சீட்டுக்கடியில ஈரமா கெடந்துச்சு. ஆபீஸ்ல நீங்க தண்ணி ஊத்துறீங்களா?”

“ஆமா.”

“எத்தன நாளா?”

“வியாழக்கெழமையிலேர்ந்து. நீ ஊத்தினது சரிதான். நான்தான் தப்பா பேசிட்டேன்.”

அவள் டின்னை என் கையில் கொடுத்தாள். “அத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் காலங்காத்தால குனிஞ்சு நிமிந்து உங்களக் கூப்பிட்டிருக்க மாட்டேன்ல,” என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு, ஊறவைத்திருந்த என் வெள்ளைச் சட்டைகளை அலசிக்கொண்டே அவள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். “சட்டைக்குப் போடுற நீலத்தக் கலந்து ஊத்துங்க. தண்ணி காஞ்சாலும் சாயம் காட்டிக்குடுத்துடும்.”

கலந்து ஊற்றி, ஞாயிற்றுக்கிழமை போமனையும் ஏற்றிக்கொண்டு புக்கிட் ரம்பாய்வரை வேகமாகப் போய்த் திரும்பினேன். பட்டறையில் இன்ஜின் ஆறியதும் அவர் சின்னக் கண்ணாடி ஒன்றை இன்ஜினுக்குப் பின்பக்கம் நீட்டினார். “சினி!” என்று கத்தி, இங்கே பார் என்று என்னை இழுத்துக் காட்டினார். புகைக்குழாய்க்கு மேலே, உள்ளே தண்ணீர் சுற்றும் இன்ஜின் உடம்பில் அடித்திருந்த வில்லை போன்ற தகர மூடியின் கீழே நீலக் கோடு ஒன்று காய்ந்திருந்தது. மூடி துருவேறி ஊசித்துளை விழுந்திருந்தது. வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது துரு அதை அடைத்துக்கொள்ளும். பாதையில் நன்றாகச் சூடேறினால் சில நாள் திறந்துகொள்ளும். கசிந்த தண்ணீர் சூடான புகைக்குழாயில் விழுந்து அங்கேயே ஆவியாகிவிடும். தரைக்கு வந்ததே இல்லை. புது மூடியை வைத்துச் சுத்தியலால் தட்டி இறுக்கினார். நீலம் போட்டுப் பார்க்கச் சொன்னது யார் என்று கேட்டார். மனைவி என்றேன். பட்டறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார்.

அதன்பிறகு தண்ணீர் குறையவில்லை. ஆனாலும் நான் நம்பவில்லை. அவளுக்கு வலி எடுத்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இரண்டு முறை காரை நிறுத்தி பானெட்டைத் திறந்து பார்த்தேன். மூன்றாம் முறை வேகத்தைக் குறைத்ததும், பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தவள் கத்தினாள்:

“இன்னொரு தடவ நிப்பாட்டினா நான் எறங்கி நடந்தே போயிடுவேன்!”

நிறுத்தவில்லை. பத்தரை மணிக்கெல்லாம் மகள் பிறந்துவிட்டாள்.