வல்லம் வடகால் காற்று

நேற்று ஒரகடம் கூட்டுரோட்டில், காற்றாலை இறக்கை ஏற்றிய நீள லாரி ஒன்று திரும்ப முடியாமல் நின்றுவிட்டது. கம்பெனி பஸ்ஸில் எல்லோரும் போனைத் தூக்கினார்கள். நான் மட்டும், சொந்தக்காரன் மாப்பிள்ளை ஊர்வலம் போவதைப்போலப் பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சொன்னால் சிரிப்பீர்கள், இந்தப் பக்கத்துக் காற்றை அளந்தவன் நான். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. முதல் வேலையே அதுதான். எங்கே காற்றாலை வைக்கலாம், எங்கே வைத்தால் வீண் என்று வரைபடம் போடும் சின்ன அலுவலகம். வல்லம் வடகாலில் நட்ட உயரக் கம்பத்தின் உச்சியில் கிண்ணங்கள் சுழன்று வேகத்தைப் பதியும். கம்பம் என் பொறுப்பு. அதற்குத் திருஷ்டிப் பொம்மை கட்டலாமா என்றுகூட யோசித்தேன்.

கூட வேலை பார்த்த மாரியப்பன் தென்காசிக்காரன். "ஏல, ஒங்க ஊர்ல காத்து வேணும்னா ஃபேனைத்தாம்ல போடணும்" என்பான்.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அந்த இடத்தின் காற்றுக்குக் கணினி போட்ட கணக்கைவிடக் கம்பம் பதிந்த வேகம் ரொம்பக் குறைவு. நான்தான் கம்பத்தைக் கோணலாக நட்டுவிட்டேன் என்று மேலாளர் முடிவுகட்டினார். பதிவுகளைத் தூக்கிப்போடச் சொன்னார். என் வேலையும் கூடவே போகும் என்று சொல்லாமலே புரிந்தது.

கணினிக்குத் தரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயலென்றால் காற்று தடையில்லாமல் ஓடும். கட்டடமென்றால் முட்டி மெலியும். கணினி நம்பியிருந்த, கட்டம் கட்டமாகப் பிரித்த நிலப்படத்தைத் திறந்தேன். கம்பத்துக்குக் கிழக்கே ஒரே பச்சை. பழைய படம்.

"இங்க ஏது சார் வயலு? எல்லாம் ஷெட்டு கீது. எங்கூரு சார், எனக்குத் தெரியாதா?" என்றேன் மேலாளரிடம்.

படத்தைத் திருத்த இரண்டு நாள் தந்தார். மாரியப்பன் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து ஒவ்வொரு ஷெட்டாகக் குறித்தேன். செக்யூரிட்டிகள் எங்களை நிலத்தரகர்கள் என்று நினைத்தார்கள். எங்கும் பெயிண்ட் நெடி. இன்றைக்கும் அந்த நெடி வந்தால், கிழக்குக் காற்று என்று மனசு பதிந்துகொள்கிறது.

திருத்திய படத்தோடு கணக்கை மறுபடி ஓட்டினோம். கம்பம் சொன்ன வேகமே வந்தது. மேலாளர் மற்ற ஊர்ப் படங்களையும் என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

"கம்பம் நேராத்தாம்ல நின்னுருக்கு" என்றான் மாரியப்பன். அவனிடமிருந்து அது பெரிய பட்டம்.

ஒன்றை மட்டும் அவனிடம் சொல்லவில்லை. நான் திருத்திய கட்டங்களில் ஒன்று, எங்கப்பா உழுத நிலம். 'வயல்' என்பதை அழித்துவிட்டு 'கட்டடம்' என்று நானே தட்டினேன். மற்ற எல்லாக் காகிதத்திலும் எப்போதோ மாறிவிட்டது. அதுவரை அந்த ஒரு படத்தில்தான் அது வயலாக இருந்திருக்கிறது.