கைநாட்டுக்கு மேலே நான் எழுதியது

முப்பத்தேழு பெண்கள் சொல்லாத ஒன்றை அவர்கள் சொன்னதாக எழுதியது நான்தான். அதனால் நல்ல புத்தியுள்ள ஒருத்தி ஊரறியப் பைத்தியக்காரி ஆனாள்.

நான்கு வருடங்களாக என் கணவரையும், என்னை எழுத வைத்த இரண்டு பேரையும் தவிர வேறு யாருக்கும் இது தெரியாது. இப்போது உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னைத் திட்டலாம். ஆனால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டுங்கள். திட்டு வாங்க வேண்டியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள்... அவர்களெல்லாம் நன்றாகவே இருக்கிறார்கள்!

அப்போது என் கணவர் ஜவ்வாது மலையில் ஓர் ஊரில் ஆசிரியர். ஊர்ப் பெயர் வேண்டாம். நடுவே ஓர் ஓடை. மேற்கே குடைக் கட்சி, கிழக்கே மணிக் கட்சி. சின்னங்களையும் மாற்றித்தான் சொல்கிறேன், எனக்கு இன்னும் பயம் போகவில்லை. இரண்டு கரையிலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தாம். ஆனால் அந்தத் தேர்தல் சமயத்தில் அக்கரை வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதுகூடக் குற்றமாகிவிட்டது.

சண்டையெல்லாம் சுவர்களுக்காக. வாணியம்பாடியிலிருந்து ஓர் ஓவியரைக் கூட்டிவந்து, வீட்டுக்காரர்களை ஒரு வார்த்தை கேட்காமல், தலைவர்களின் முகங்களை வரைய வைத்தார்கள். இரண்டு கட்சிக்கும் வரைந்தது அந்த ஒரே மனிதர். ஆகவே இரண்டு தலைவர்களுக்கும் ஒரே மூக்கு, ஒரே மீசை! ஆண்கள் பக்கத்தில் இல்லாதபோது பெண்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

தேர்தலுக்கு முன் பொங்கல் வந்தது. பொங்கலுக்கு அங்கே எல்லா வீட்டுச் சுவரையும் பெண்கள் செம்மண் குழைத்துப் பூசுவார்கள். பூசாத வீட்டில் பொங்கல் பானை வைப்பதில்லை. அந்த வருடமோ, படத்தின் மேல் மண் படக்கூடாது என்று இரண்டு கட்சிக்காரர்களும் சொல்லிவிட்டார்கள். பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முகத்தைச் சுற்றி மட்டும் பூசினார்கள். சுவரெல்லாம் புது மண், நடுவில் ஒரு பழைய அழுக்குச் சதுரம், அதற்குள் ஒரு தலைவர்!

சின்னப்பொண்ணு மட்டும் முழுச் சுவரையும் பூசினாள்.

அவள் வீடு ஓடைத் துறையருகே, சரியாக நடுவில். அதனால் ஒரு சுவரில் குடைத் தலைவர், எதிர்ச் சுவரில் மணித் தலைவர். கணவன் காப்பித் தோட்டத்துக் கூலிக்குப் போயிருந்தான். இரண்டு பிள்ளைகளுடன் அவள் தனியாக இருந்தாள். பட்டப்பகலில், எல்லோரும் பார்க்க, இரண்டு முகங்களையும் பூசி மறைத்தாள்.

"இன்னாடி பண்ற? தலைவரு மூஞ்சில மண்ண அப்புற!" என்று யாரோ கத்தியது என் வாசல்வரை கேட்டது.

"தலைவரு அவரு வூட்டுச் செவுத்துல இருக்கட்டும். இது என் வூடு" என்றாள். கை நிற்கவே இல்லை.

அன்று மாலை கல்வீச்சு. உன் கட்சிதான் அவளைத் தூண்டிவிட்டது என்று இரண்டு பக்கமும் சொன்னார்கள். ஒருத்தி தானாகவே தன் சுவரைப் பூசுவாள் என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை! அவளை ஊரைவிட்டுத் தள்ளி வைக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தள்ளி வைத்தால் அவளோடு பேச்சில்லை, அவள் நிலத்துக்கு ஆள் வராது, பிள்ளைகளோடு யாரும் விளையாடக் கூடாது.

கலவரம் என்று கேள்விப்பட்டுக் கீழிருந்து ஓர் அதிகாரி வந்தார். சுவர்ப்படங்களைப் பற்றியும் அவள் செய்ததைப் பற்றியும் பெண்களின் கருத்தை எழுதி வாங்கிவிடலாம், அதன்படி ஊர்க்கூட்டம் முடிவு செய்யட்டும் என்றார். எழுத ஆள்? பதினோராம் வகுப்பு முடித்தவள், இரண்டு கரைக்கும் பொதுவானவள்... நான்.

எட்டு மாதக் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். என் மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இழுப்பு. அந்தக் குளிர் ஆகவே ஆகாது, கீழே இறங்கிவிடுங்கள் என்று ஆலங்காயத்து டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். அன்றும் குழந்தையின் நெஞ்சு விசில் மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

அதிகாரி மத்தியான பஸ்ஸுக்குப் போக வேண்டும். மைப்பெட்டி அவருடையது. "முதலில் வெள்ளைத்தாளில் பெயர் எழுதிக் கைநாட்டு வாங்கிவிடுங்கள். கருத்தை ராத்திரி நிதானமாக மேலே எழுதிக்கொள்ளலாம்" என்றார். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கலாமா என்று நான் கேட்டிருக்க வேண்டாமா? படித்தவள்தானே? கேட்கவில்லை. பெரியவர்கள் சொன்னால் செய்துதான் எனக்குப் பழக்கம்.

அந்தப் பெண்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

"அவ வூட்டுச் செவுரு, அவ பூசுனா. இதுக்கு இன்னாத்துக்கு வாத்தியாரம்மா காயிதம்?"

"எங்க வூட்டுக்காரரு மணிதான். அதுக்கோசரம்? அந்தத் தலைவரு செவுத்துலேந்து தெனம் மொறச்சிப் பாத்துக்கினே கீறாரு, தண்ணி ஊத்திக்கக்கூட முடியல!"

"எனக்குந்தான் பூசணும்னு இருந்திச்சி. அவளுக்குத் தைரியம் வந்திச்சி, எனக்கு வர்ல."

முப்பத்தேழு பேரும் அவள் பக்கம். ஒருத்திகூட மாற்றிச் சொல்லவில்லை. கட்டை விரலை மையில் வைத்து, தாளில் அழுத்தி, என்னை நம்பி முந்தானையில் துடைத்துக்கொண்டு போனார்கள்.

விளக்கேற்றும் நேரத்தில் குடைக் கட்சி மளிகைக்கடைக்காரரும் மணிக் கட்சிப் புளி வியாபாரியும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். கல்லால் அடித்துக்கொண்டவர்கள்!

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணா ஒரு வூட்டுப் படி ஏறுறது இதான் மொத தபா" என்று சிரித்தார் மளிகைக்கடைக்காரர். "பொம்பளைங்க இன்னா சொன்னாங்கன்னு எங்களுக்குத் தெரியும். அத எழுதுனா ரெண்டு கட்சிக்கும் மானம் பூடும்."

"அவளயும் தள்ளி வைக்கக் கூடாது, பாவம். அதுக்கு ஒரு வழிகீது" என்றார் மற்றவர். "புத்தி சுவாதீனம் இல்லாதவன்னு ஒரு வரி போட்ருங்க. பைத்தியத்து மேல யாருக்குங்க கோவம் வரும்?" பிறகு என் மகளைப் பார்த்தார். "கொயந்த இப்படி இழுக்குதே... சார் மாத்தல் விஷயமா மேல ஒரு வார்த்த சொல்லட்டுங்களா?"

அவர்கள் போனபிறகு என் கணவர், "உனக்கு எது சரியென்று தோன்றுகிறதோ, அப்படிச் செய்" என்றார். எவ்வளவு சௌகரியமான வாக்கியம்! நாளைக்கு யார் கேட்டாலும் அவர் கை சுத்தம்.

எழுதினேன். கார்பன் வைத்து எழுதினேன், நகலில் முப்பத்தேழு பெயர்களையும் படியெடுத்தேன். சுவர்ப்படங்களில் தங்களுக்கு ஆட்சேபணை இல்லை என்றும், சின்னப்பொண்ணு சில காலமாகவே சித்தம் கலங்கியவள் என்றும், அவளை மன்னிக்க வேண்டும் என்றும்... முப்பத்தேழு கைநாட்டுக்கு மேலே, என் அழகான கையெழுத்தில்.

அவளைக் காப்பாற்றத்தான் எழுதினேன் என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதிப் பாதி, என் இடுப்பில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது.

ஊர்க்கூட்டத்தில் வாசித்தார்கள். அவளைத் தள்ளி வைக்கவில்லை. எவ்வளவு பெருந்தன்மை! நகலை மளிகைக்கடைச் சுவரில் ஒட்டினார்கள். அந்த வாரமே அவளுடைய புதுமண் சுவரில் மறுபடியும் இரண்டு தலைவர்கள். அவள் கத்தினாள். கத்தக் கத்த, 'பார், எழுதியிருப்பது சரிதான்' என்றார்கள். பள்ளிக்கூடத்தில் சோறாக்கும் வேலை அவளுக்குத்தான் என்று பேச்சாகியிருந்தது. சித்தம் கலங்கியவளைச் சோற்றுப் பானையருகே எப்படி விடுவது என்று வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள்.

அந்த முப்பத்தேழு பேர் ஏன் மறுக்கவில்லை என்று கேட்பீர்கள். மறுத்தார்கள்! தண்ணீர்த் துறையில் ஒவ்வொருத்தியும், "நான் அப்டி சொல்லல, சத்தியமா" என்றாள். ஆனால் மற்றவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருத்தியும் நம்பினாள். தாளில் இருக்கிறதே! தன்னைத் தவிர ஊரே அவளுக்கு எதிரி என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். சுவரில் இருக்கும் முகங்கள் மக்களின் விருப்பம் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்கு உடம்பு எரிகிறது. அந்த விருப்பம் எப்படித் தயாராகிறது என்று எனக்குத் தெரியும். நானே தயாரித்தேன்.

கோடை தொடங்கும் முன் மாற்றல் உத்தரவு வந்தது, கீழே செங்கத்துக்கு.

கிளம்பும் நாள் காலையில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சின்னப்பொண்ணு வந்தாள். கடைச் சுவரிலிருந்து கிழித்து வந்த நகல் கையில் இருந்தது.

"எனக்குப் படிக்கத் தெரியாது. யார் யாரு என்னப் பைத்தியம்னு சொன்னாங்க? பேரப் படிங்க" என்றாள்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். யாருமே சொல்லவில்லை, நான்தான் என்று மூன்று வார்த்தை! பஸ் இன்னும் வளைவில்கூடத் தெரியவில்லை. நேரம் இருந்தது. வாயைத் திறந்தேன்... பெயர்களைப் படித்தேன்.

ஒவ்வொரு பெயருக்கும் அவள் தலையசைத்தாள். "அவளா... என் பொண்ணு பொறந்தப்ப தொப்புள்கொடி அறுத்தவ." "அவளுமா? அவ அறுப்புக்குப் போன வருசம் நான் ஒம்போது நாளு போனேனே." "இவ என் கூடப் பொறந்தவங்க..." முப்பத்தேழையும் படித்தேன். ஒன்றைக்கூட விடவில்லை. கடமை தவறாதவள் அல்லவா நான்!

"உங்க பேரு இல்லீங்களா?" என்றாள்.

"இல்லை" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று என் மகளின் கன்னத்தைத் தொட்டாள். "நீங்க ஒருத்திதான் என்னப் பத்தித் தப்பா சொல்லல."

பஸ் வந்தது. மூட்டைகளை அவளே தூக்கிக் கொடுத்தாள்.

என் மகளுக்கு இப்போது இழுப்பு இல்லை. ஐந்து வயதாகப் போகிறது, தெருவெல்லாம் ஓடுகிறாள். அவள் ஓடுவதைப் பார்க்கும்போது நான் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. சரி என்று சொல்லவும் வருவதில்லை. ஒரு தாயாக நீங்கள் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்க நினைத்தேன். வேண்டாம். அது தப்பிக்கும் கேள்வி.

தொப்புள்கொடி அறுத்தவளோடும், தன் தங்கையோடும், அந்த ஊரில் வேறு எந்தப் பெண்ணோடும் சின்னப்பொண்ணு பேசுவதில்லையாம். போன மாதம் சந்தைக்கு இறங்கி வந்த ஒருவர் சொன்னார். என் மகளுக்கென்று அவரிடம் ஒரு படி சாமை கொடுத்தனுப்பியிருந்தாள்.

நான் திருப்பி அனுப்பவில்லை. சமைத்தேன். இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கி, என் மகள் வயிறார உண்டாள்.